உங்கள் அம்மாவின் பாலில் ஒரு தோஷமும் இல்லை

குழந்தைகளே,

போன வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு மாமி நம் பெண்ணை நிறுத்தி வைத்து, "ஏழு மாசம் ஆச்சோன்னோடி? கொழந்தை பொறந்தா மொதல்ல பாலைப் பரீட்சை பண்ணிப் பாத்துக்கோ. ஒங்கம்மாவுக்கு இருந்த மாதிரி ஒனக்கும் இருந்துடப் போறது" என்று சொன்னாளாம். அவள் வீட்டுக்கு வந்து, "அம்மாவுக்கு என்னப்பா இருந்தது?" என்று என்னைக் கேட்டாள். கடைக்கு நேரமாயிற்று என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அன்றைக்கு மழைகூட இல்லை.

வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். நான் நாலாம் பாரத்தோடு நிறுத்தியவன். கடைச் சிட்டை எழுதிப் பழகிய கை. பிழை இருந்தால் சின்னவன் திருத்திக்கொள்ளட்டும்.

உங்கள் அம்மாவின் பாலில் எந்தத் தோஷமும் இருக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். நடுவில் நான் எங்கேயாவது நின்றுபோனாலும் இந்த ஒன்றாவது உங்கள் கையில் இருக்கட்டும்.

உங்கள் மூன்று பேருக்கும் முன்னால் ஒருத்தி பிறந்தாள். உங்களுக்கு அக்கா. அவளைப் பற்றி வீட்டில் பேசாமலே இருந்துவிட்டோம். தெருவில் அரையும் குறையுமாக உங்கள் காதில் விழுந்திருக்கும். தாயின் பால் சேராமல் செத்துப்போன குழந்தை என்று.

அப்போது நான் மலையடிவாரத்தில் வித்துராவில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மேலே இருக்கிற எஸ்டேட்டுகளுக்கு அரிசியும் மிளகாயும் மண்ணெண்ணெயும் எங்கள் கடையிலிருந்துதான் வண்டியேறும். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வலியசாலை வீட்டுக்கு வருவேன். உங்கள் அம்மா தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். பிறந்த வீடு என்றால் அடுத்த தெருதான். அங்கே இருந்தவர் உங்கள் மாமா ஒருவர் மட்டுமே.

மாமாவை நீங்கள் கிழவராகத்தான் பார்த்திருக்கிறீர்கள். சர்க்கார் கச்சேரியில் நகல் எழுதுகிற வேலை. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போனபோது உங்கள் அம்மா சின்னக் குழந்தை. அவளுக்குத் தலை பின்னிவிட்டதும், காது குத்தியதும், பாவாடை தைக்கக் கொடுத்ததும் எல்லாம் மாமாதான். தெருவில் பயல்கள், "மாமி, எண்ணெய் தேச்சு விடட்டுமா?" என்று அவரையே கேலி செய்வார்களாம். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "மொதல்ல குட்டிக்கு ஒரு வழி ஆகட்டும்" என்பார். குட்டி என்பது உங்கள் அம்மா. குட்டிக்கு வழியான பிறகு கேட்டால், "இனி இந்த வழுக்கைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று சிரிப்பார்.

பிரசவத்துக்கு ஒத்தாசையாகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு சித்தி வந்திருந்தாள். உங்கள் அம்மாவுக்குத் தாயின் தங்கை. நிறையப் பெற்றவள். வாயும் நீளம், கையும் சுறுசுறுப்பு. குழந்தை பிறந்த முதல் சனிக்கிழமை நான் போய் நின்றபோது, நிலைப்படியிலேயே தடுத்துவிட்டாள்.

"மாப்பிளை, அங்கயே நில்லுங்கோ. பதினோராம் நாள் புண்யாகம் ஆகித் தீட்டுப் போகட்டும், அப்பறம் வேண்டிய மட்டும் கொஞ்சிக்கலாம்."

"முகத்தையாவது காட்டுங்கோளேன்."

"மொகத்துக்கென்ன, அப்படியே ஒங்க மூக்கு. பொண்ணாப் பொறந்ததுக்கு இந்த மூக்கு வேண்டாமாயிருந்தது."

உள்ளேயிருந்து உங்கள் அம்மா சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அது ஆடி மாதத்துக் கர்க்கடக மழை. அடைத்த அறை, நெருப்புச் சட்டிப் புகை, ஈரத்துணி வாசனை. நெஞ்சைப் பிய்க்கிற மாதிரி இருமினாள். இருமும்போதெல்லாம் வயிறு வலிக்கிறது என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். சித்தியின் கஷாயத்துக்கு அது மசியவில்லை. மாமாவுக்கு இதைக் கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார முடியவில்லை.

அவருக்கும் அதற்கு முன்னால் அப்படி ஒரு இருமல் வந்திருந்தது. டாக்டர் பார்த்து ஒரு மருந்து எழுதிக்கொடுத்தார். கறுத்த நிறம், இனிப்பு, கொஞ்சம் சாராய வாடை. சீசாவின் பக்கத்தில் வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருக்கும். அவருக்கு அது நன்றாகக் கேட்டது. பாதி சீசா மிச்சம் இருந்தது. அதைத்தான் தங்கைக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அதே இருமலாக்கும் குட்டி. எனக்குக் கேட்டது ஒனக்குக் கேக்காதா? ஒரே ரத்தம்தானே."

டாக்டர் மேலும் பிசகில்லை, மருந்து கலந்து கொடுத்தவர் மேலும் பிசகில்லை. அவர்கள் ஒரு ஆண்பிள்ளையின் இருமலுக்குக் கொடுத்தார்கள். அது பிள்ளை பெற்றவளின் அறைக்குப் போகும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இருமல் அடங்கிவிட்டது. உங்கள் அம்மா அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாளாம். மிச்சம் தீர்ந்ததும் மாமா அதே சீட்டைக் காட்டி இன்னொரு சீசா வாங்கிவந்தார். இதமாக இருந்ததால் கணக்குக்கு மேலேயும் ஒரு மடக்கு குடித்திருக்கிறாள். சித்தி வேளை தவறாமல் அவளே ஊற்றியும் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது வீடே அமைதியாக இருந்தது. குழந்தை அழவில்லை.

"சமத்து, கேட்டேளா மாப்பிளை?" என்றாள் சித்தி. "நான் பெத்ததெல்லாம் கத்திக் கத்தி எட்டூரைக் கூட்டும். இது கண்ணையே தொறக்க மாட்டேங்கறது. எழுப்பிப் பால் குடுக்க வேண்டியிருக்கு."

பார்க்க வந்த பெண்களெல்லாம் அதையே சொன்னார்கள். இப்படி ஒரு சமத்துக் குழந்தை உண்டா என்று. ஒருத்தி, "எங்காத்துல ஒண்ணு இருக்கே, ராத்திரியெல்லாம் கச்சேரிதான், மாத்திக்கலாமாடி?" என்று கேட்டாளாம். உங்கள் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நானும் பெருமைப்பட்டேன்.

புண்யாகம் ஆன பிறகு அவளை என் கையில் கொடுத்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வாங்கிக்கொண்டேன். அப்போது எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை தூக்குகிறவனுக்குத் தெரியும். அரிசியும் பருப்பும் நிறுத்துப் பழகிய கை வேறு. குழந்தை கனக்கவில்லை.

"எளைச்ச மாதிரி இருக்கே?" என்றேன்.

"எளைக்கத்தான் செய்யும். பொறந்த ஒடம்பு வடிஞ்சு, அப்பறம் தேறும்" என்றாள் சித்தி. ஆனால் அவள் முகத்திலும் ஒரு யோசனை இருந்தது. குழந்தை நாலு வாய் சப்பிவிட்டுத் தூங்கிப்போகிறது. உள்ளங்காலைச் சுண்டினால் கண்ணைத் திறந்து, மறுபடியும் மூடிக்கொள்கிறது. உங்கள் அம்மாவுக்கு மார் கட்டிக்கொண்டு கல்லாக வலித்தது. சித்தி பாலைப் பீச்சி, கால் படாத இடமாகப் பார்த்துச் சுவரோரம் விட்டுக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் சமத்து சமத்து என்று சொன்னதில் கண் பட்டுவிட்டது என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் நீட்டி எழுதப்போவதில்லை. நான் வித்துராவில் இருந்தபோது ஒருநாள் மத்தியானம் மாமா பஸ்ஸில் வந்து கடை வாசலில் இறங்கினார். அந்தப் பக்கத்துக்கே அவர் வந்ததில்லை. காலில் செருப்பில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து அவரைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காலையில் பால் கொடுக்க எழுப்பினார்கள். எழவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது.

நானும் மாமாவும் போய் அவளை மண்ணில் வைத்துவிட்டு வந்தோம்.

வீடு திரும்பியபோது கூடத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும். சித்தி ஒரு வாழையிலைத் துண்டை எடுத்துவந்து, உங்கள் அம்மாவின் பாலைக் கொஞ்சம் அதில் பீச்சச் சொன்னாள். குழந்தையைப் பறிகொடுத்து இன்னும் ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அவள் கேள்வி கேட்காமல் செய்தாள். முற்றத்திலிருந்து ஒரு எறும்பைப் பிடித்துவந்து அந்தப் பாலில் விட்டார்கள். எறும்பு செத்தால் பால் தோஷமுள்ளது. ஓடிவிட்டால் நல்ல பால். அதுதான் பரீட்சை.

எறும்பு கொஞ்ச நேரம் காலை உதறியது. அப்புறம் அசையவில்லை.

சித்தி இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். ஒருத்தி மட்டும், "பாவம், அவ என்ன பண்ணுவா" என்றாள். அந்த வார்த்தைதான் உங்கள் அம்மாவை உயிரோடு கொன்றது என்று எனக்கு அப்போது தோன்றியது. எறும்பு தண்ணீரில் விழுந்தாலும் சாகும், மோரில் விழுந்தாலும் சாகும். இது எனக்கு ரொம்ப நாள் கழித்து, கடையில் உட்கார்ந்து வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் கதவோரம் நின்று அந்த எறும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் மாறிப்போனாள். தெருவில் யாராவது பச்சைக் குழந்தையோடு வந்தால் தள்ளி நிற்பாள். தொடு என்று கொடுத்தாலும் தொடமாட்டாள். தன் உடம்பில் விஷம் ஊறுகிறது என்று நம்பிவிட்டாள்.

பெரியவனே, அதற்கப்புறம் நீ பிறந்தாய். நீ பிறப்பதற்கு முன்பே அவள் முடிவு செய்துவிட்டாள். பசும்பால் வாடிக்கைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னாள். சித்தி திரும்பவும் வந்தாள். நீ பிறந்ததும் உங்கள் அம்மா துணியை இறுக்கி மாரைக் கட்டிக்கொண்டாள். நீ அழுவாய். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். சங்கில் பசும்பால் ஊற்றினார்கள். கொஞ்ச நாளில் உனக்கு வயிறு கெட்டது. பச்சைப் பச்சையாகப் போனாய். கண் உள்ளே போயிற்று. நான் இந்த முறை சனிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. தகவல் வந்ததும் ஓடிவந்து, வண்டி பிடித்து, அவளையும் உன்னையும் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தாள். மலையாளி. நம்மோடு தமிழ் பேசப் பார்ப்பாள், பாதி வழியில் மலையாளத்துக்குப் போய்விடுவாள். உன்னைப் பார்த்துவிட்டு நேராக உங்கள் அம்மாவைப் பார்த்தாள். ரவிக்கை நனைந்திருந்தது.

"பால் இங்ஙனெ ஒழுகுதல்லோ. பின்னே எந்தினா கொழந்தைக்குப் பசும்பால்?"

உங்கள் அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். நான்தான் சொன்னேன். "பால் தோஷமுள்ளதாக்கும். மொதல் கொழந்தை போயிடுத்து."

"ஆரு பறஞ்ஞது தோஷம்னு?"

"எறும்பு விட்டுப் பாத்தோம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உங்கள் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். முதல் குழந்தை எப்படி இருந்தது என்று கேட்டாள். வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா, அழுததா?

"அழவே அழாது" என்றாள் உங்கள் அம்மா. "தூங்கிண்டே இருக்கும். ரொம்ப சமத்து."

"நீ அப்போ எந்தெங்கிலும் மருந்து குடிச்சாயோ?"

"இருமலுக்கு ஒண்ணு குடிச்சேன்."

"அது குடிச்சா ஒனக்கு எப்படி இருக்கும்?"

"நல்லாத் தூக்கம் வரும். தலை கொஞ்சம் சுத்தும். வயறுதான் போகாது. சித்தி வெளக்கெண்ணெய் குடுத்துண்டே இருந்தா."

டாக்டரம்மா அதைச் சீட்டில் குறித்துக்கொண்டாள். பிறகு அந்த மருந்து கிடைக்குமா என்று என்னைக் கேட்டாள். மாமா மழைக்காலமானால் அதைத்தான் வாங்கி வைப்பார். மறுநாள் ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் ஊற்றிக் கொண்டுபோனேன். என்னத்துக்கு என்று மாமா கேட்டதற்கு, கடைமுதலாளிக்கு இருமல் என்றேன். டாக்டரம்மா முகர்ந்து பார்த்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இதில அபின் உண்டு" என்றாள். "பெரிய ஆளுக்கு இருமல் நிக்கும், ஒறக்கம் வரும், செரி. தாய் குடிச்சா பால்ல எறங்கும். சின்னக் கொழந்தைக்கு அது கழிஞ்சு போகாது, உள்ளே சேந்து சேந்து வரும். பால் குடிக்க மறந்துபோகும். பின்னே மூச்சு விடவும் மறந்துபோகும்."

உங்கள் அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நிச்சயமா அதுதானா?" என்று கேட்டேன்.

"நான் அந்தக் கொழந்தையைப் பாக்கல. அதனால சத்தியம் பண்ண மாட்டேன். பட்சே நீங்க பறயணதெல்லாம் அங்ஙனெத்தான் இருக்கு." பிறகு உங்கள் அம்மாவின் முழங்காலைத் தொட்டு, "நின்டெ பாலுக்கு ஒரு கேடும் இல்லா. இப்போ, இங்கே, என் முன்னாடி குடு" என்றாள்.

நான் வெளியே போய் நின்றேன். உள்ளே நீ சப்புகிற சத்தம் கேட்டது. உங்கள் அம்மா அழுகிற சத்தமும் கேட்டது.

கிளம்பும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னாள். "இதைக் கேட்டுப் பயந்து இனி ஒரு மருந்தும் வேண்டாம்னு இருக்கப்படாது. கேட்டோ? ஆகணது உண்டு, ஆகாதது உண்டு. வயித்துல கொழந்தை உண்டு, இல்லேன்னா பால் குடுக்கறேன்னு ஒரு வார்த்தை பறஞ்ஞா மதி, போதும். அதுக்குத்தானே நாங்க இருக்கோம்."

அந்த வார்த்தை பிற்பாடு உதவியது. பெண்ணே, நீ வயிற்றில் இருந்தபோது உங்கள் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. நான்தான் மலையடிவாரத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தேனோ என்னவோ. கொயினா மாத்திரை கொடுத்தால் கரு கலைந்துவிடும், கொடுக்காதே என்று தெருவே சொல்லிற்று. டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டோம். பயம் உண்டுதான், ஆனால் காய்ச்சலை இப்படியே விடுவது அதைவிடப் பயம் என்று சொல்லி, தானே அளவு சொல்லிக் கொடுத்தாள். உங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். நீ பிறந்தாய். ஆகையால் இதைப் படித்துவிட்டு, அப்பா மருந்தே கூடாது என்று சொன்னார் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

பெரியவனுக்குப் பால் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வண்டியில் எனக்கு ஒரே ஆத்திரம். நேராகத் தெருவுக்குப் போய், எறும்பு பிடித்தவளிலிருந்து பாவம் என்று சொன்னவள் வரை எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்று இருந்தது. அதை வாய்விட்டும் சொன்னேன்.

"வேண்டாம்" என்றாள் உங்கள் அம்மா.

"ஏன் வேண்டாம்? ஒன் மேல பழி போட்டாளே. பால் இல்லை, மருந்துதான்னு தெரியட்டும்."

"எந்த மருந்துன்னு கேப்பா. யார் குடுத்தான்னு கேப்பா."

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

"அண்ணாவுக்குத் தெரியப்படாது" என்றாள். "தெரிஞ்சா அவர் உசிரை வெச்சுக்க மாட்டார். ஒங்களுக்குத் தெரியாது அவரை. நான் மூணாங்கிளாஸ்ல கீழ விழுந்து பல்லு ஒடஞ்சதுக்கே பட்டினி கெடந்தவர்."

"அப்போ ஒன் பேர்?"

"என் பேர் கெடக்கட்டும். இவனுக்குப் பால் குடுக்க விட்டா போறும் எனக்கு."

அப்படியே செய்தோம். டாக்டரம்மா பாலைச் சுத்தம் பண்ண ஒரு மருந்து கொடுத்திருக்கிறாள் என்று வீட்டில் சொன்னோம். சீசாவில் இருந்தது வெறும் ஓமத்தண்ணீர். சித்தி லேசில் நம்புகிறவளா? "அதையும் பாத்துடுவோம்" என்று மறுபடியும் இலையைக் கொண்டுவந்தாள், எறும்பைக் கொண்டுவந்தாள். உங்கள் அம்மா இந்தத் தடவை பாலைத் தளும்ப விடவில்லை. இலையில் ஈரம் தெரிகிற அளவுக்கு ஒரு துளியை விரலால் இழுத்துவிட்டாள். எறும்பு அதன்மேல் நடந்து, மீசையை ஆட்டிவிட்டு, இலையை விட்டே ஓடிவிட்டது.

"ஓடிடுத்துடீ! பாரு, குதிரை மாதிரி ஓடறது!" என்று சித்தி கையைத் தட்டினாள். மாமா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அம்மாவும் சிரித்தாள். என்னைப் பார்க்காமல் சிரித்தாள்.

அப்புறம் தெருவில் பால் சரியில்லாதவர்கள், குழந்தை தேறாதவர்கள் எல்லோரும் அந்த மருந்தைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். உங்கள் அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. "அது அவாவா ஒடம்பைப் பாத்துத் தரது. டாக்டரம்மாகிட்டப் போய்க் காட்டு. இப்போ நீ என்ன மருந்து குடிக்கறே, அதையும் மறக்காமச் சொல்லு" என்று அனுப்பிவிடுவாள். அப்படி எத்தனை பேரை அனுப்பினாளோ, நான் கணக்கு வைக்கவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு காலத்தில் பால் கெட்டிருந்தது என்பது மட்டும் மாறவில்லை. அவளே அதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

மாமாவின் பேச்சுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கும். நீங்களும் கேட்டிருப்பீர்கள். தீபாவளிக்கு வந்தால், ஓணத்துக்கு வந்தால், யாராவது ஒருவர் இருமினால் போதும், ஆரம்பித்துவிடுவார். "நம்ம குட்டிக்கு மொதல் பிரசவத்துல ஒரு இருமல் வந்தது பாருங்கோ, ஒரு கஷாயத்துக்கும் நிக்கலை. நான் குடுத்த மருந்துலதான் நின்னுது. இல்லையா குட்டி?"

உங்கள் அம்மா இலையில் சாதம் போட்டுக்கொண்டே, "ஆமாண்ணா. அதுலதான் கேட்டுது" என்பாள்.

ஒருமுறைகூட அவள் குரல் மாறியதில்லை. நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். மருந்தைப் பற்றி அவர் பேசும்போதெல்லாம் நான் முகம் கொடுக்காமல் இருந்துவிடுவதாகவும், எனக்கு அவரைப் பிடிக்காது என்றும் பெரியவனே, நீ நினைத்திருந்தாய். அப்படி இல்லையடா.

உங்கள் அம்மா போனபோது மாமா இருந்தார். அவளுக்குக் கொள்ளி வைத்த பிறகு பத்து நாளும் ஒரு தூணோரம் உட்கார்ந்திருந்தார். போன மழையில் அவரும் படுத்துவிட்டார். கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிளை, குட்டிக்கு நான் பெரிசா ஒண்ணும் பண்ணிடலை. வேளைக்கு ஒரு மருந்து குடுத்தேன், அவ்வளவுதான்" என்றார். நானும், "அதுலதான் கேட்டுது" என்றேன். அவள் சொல்லிச் சொல்லி எனக்கும் அது வந்துவிட்டிருந்தது.

இப்போது இரண்டு பேரும் இல்லை. யாருக்கு மறைப்பதற்காக இதை மறைத்தோமோ அவர் போய்விட்டார். இனி இந்தப் பழி உங்கள் அம்மாவின்மேல் நிற்கவேண்டிய காரணம் எதுவும் இல்லை. நம் பெண்ணின்மேல் இறங்கவும் கூடாது. மாமாவை நினைத்தால் வருத்தப்படுங்கள், கோபப்படாதீர்கள். பிரியத்தினால் செய்ததுதான். விசாரிக்காமல் செய்தார், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் விசாரிக்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

பெண்ணே, கோயிலில் சொன்ன மாமியிடம் நீ சண்டைக்குப் போகவேண்டாம். உனக்குக் குழந்தை பிறந்தால் பயப்படாமல் பால் கொடு. இலையும் வேண்டாம், எறும்பும் வேண்டாம். உனக்குத் தலைவலியோ இருமலோ வந்தால், வீட்டில் மிச்சம் இருக்கிற சீசாவை எடுக்காதே, நானே எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதே. பால் கொடுக்கிறேன் என்று டாக்டரிடம் முதலில் சொல்.

மாமா போனதற்கு அடுத்த அமாவாசை, வழக்கம்போலக் கரமனை ஆற்றுக்குப் போனேன். என் அப்பாவுக்கும் தாத்தாக்களுக்கும் தர்ப்பணம் செய்து முடித்தேன். நம் வழக்கத்தில் பச்சைக் குழந்தைக்குத் திதியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. சாஸ்திரத்தில் அதற்கு இடமில்லை. இத்தனை வருஷமும் நானும் அதைத் தாண்டி நினைத்ததில்லை. கூட இருந்தவர்கள் கரையேறிப் போனார்கள். நான் மறுபடியும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, எள்ளில்லாமல், தர்ப்பையில்லாமல், மந்திரமில்லாமல் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினேன். பெயர் சொல்லவேண்டிய இடத்தில் அவளை வீட்டில் கூப்பிட்ட பெயரைச் சொன்னேன். தாய் பெயர் சொல்லவேண்டிய இடத்தில் உங்கள் அம்மாவின் பெயரைச் சொன்னேன். தண்ணீரை ஆற்றில் விட்டேன். பிறகு கரையேறி, வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.